அடுப்புப் புகையும் நிலமுடையோர் கடமையும்

நமது கிராமங்களில் எரிவாயு அடுப்பு நுழையாத தெரு இக்காலத்தில் இல்லையெனலாம். 2007-ஆம் வருஷம் முதற்கொண்டு மாநில சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பும் இணைப்பும் இலவசமாக வழங்கியது. 2016-ஆம் வருஷம் மே மாதம் 1-ஆந் தேதி உத்தரப் பிரதேசத்துப் பல்லியா நகரில் மத்திய சர்க்கார் தொடங்கிய உஜ்வலா திட்டம், விடுபட்டுப்போன வீடுகளில் பலவற்றை எட்டிற்று. இவ்வளவும் நடந்தேறிய பின்னரும், மார்கழி மாதத்து விடியற்காலையில் ஊர் எல்லையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கூரைகளின்மேல் பனியோடு கலந்து படர்ந்திருக்கும் புகையே முதலில் தென்படும். இணைப்பு வந்துவிட்டது, புகை போனபாடில்லை. இதன் காரணத்தையும், இதில் நிலமுடைய குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உள்ள பொறுப்பையும் பற்றி எமது அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறோம்.

இப்புகை எங்கிருந்து வருகிறதென்று ஆராயப் புகுந்தால், வசதியுள்ள வீடுகளில் அது பெரும்பாலும் கொல்லைப்புறத்திலிருந்து வருவது விளங்கும். உள்ளே எரிவாயு அடுப்பில் காபியும் குழம்பும் ஆகும். வெளியே மூன்று கல் கூட்டிய அடுப்பில் குளிப்பதற்கு வெந்நீரும், மாட்டுக்குக் கஞ்சியும், ஆள் அதிகமுள்ள குடும்பங்களில் உலைச் சோறுங்கூட ஆகும். புழுங்கலுக்கு நெல்லை வீட்டிலேயே அவிக்கும் வழக்கமுள்ள ஊர்களில், அண்டா ஏறிய நாளன்று காலை முதல் மாலை வரை அடுப்பு அணையாது. எரிபொருளோ ஊருக்கு ஊர் வேறு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் சீமைக் கருவேல். கடலூர்ப் பக்கத்தில் சவுக்கும் முந்திரியும். பொள்ளாச்சியில் தென்னை மட்டையும் பாளையும். கரிசல் காட்டில் பருத்தி மாரும் துவரை மாரும். இவை ஒன்றும் அகப்படாத வீட்டில் வரட்டி. இவற்றுள் அநேகம் தோட்டத்திலும் தொழுவத்திலும் காசு கொடாமல் கிடைப்பவை. ஆகையால் செலவில்லையென்று குடும்பத் தலைவர் நினைக்கிறார். பொறுக்குவது, சுமப்பது, உலர்த்துவது, ஊதுவது ஆகிய வேலைகளில் ஒன்றையேனும் அவர் செய்வதில்லையாதலால், அவ்விதம் நினைப்பது அவருக்கு எளிதாகவும் இருக்கிறது.

விறகு அடுப்பில் இட்டதெல்லாம் முழுதும் எரிந்துவிடுவதில்லை. காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும் பாகம், கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவாகவும், கண்ணுக்குத் தனித்துத் தெரியாத நுண்ணிய கரித்துகள்களாகவும் வெளிப்படுகிறது. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள துகள்கள் மூக்கில் தங்குவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி வரை சென்று படிகின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் முதலிய ஆராய்ச்சியாளர்கள், நமது மாநிலத்தில் 4 ஜில்லாக்களைச் சேர்ந்த 436 கிராம வீடுகளில் இதனை அளந்து 2002-ஆம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு முதலியன எரிக்கும் வீடுகளில் சமையல் நடக்கும் வேளையில், ஒரு கன மீட்டர் காற்றில் சுவாசத்தோடு உட்புகும் தூசி 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. ஒரு நாள் முழுதுக்கும் சராசரி எடுத்தபோது, அடுப்பருகே நின்று சமைப்பவர் சுவாசித்தது 231. அதே வீட்டில் சமையலில் ஈடுபடாதவர் சுவாசித்தது 90. எரிவாயு போன்ற சுத்த எரிபொருள் கொண்டு சமைக்கும் வீட்டார் சுவாசித்தது 82.

முதல் எண்ணைக் கண்டு திகைப்பவர்கள் கடைசி எண்ணைக் கவனியாமல் விட்டுவிடுவது வழக்கம். விறகே எரிக்காத வீட்டிலும் 82 எப்படி வந்தது? தெருப் புழுதியும் அண்டை வீட்டுப் புகையும் சேர்ந்தே இத்தொகை ஆகியிருக்கவேண்டுமென்பது எமது கருத்து. கிராமத்து வீடுகளின் சுவர்கள் காற்றைத் தடுப்பவையல்ல. ஒருவர் கொல்லையில் மூட்டும் புகை அடுத்தவர் கூடத்தில் போய் உட்காருகிறது. தேசம் முழுதையும் எடுத்துக் கொண்டாலும் விஷயம் இதுவேதான். 2019-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வீடுகளில் விறகு, வரட்டி முதலியவற்றை எரிப்பதை மாத்திரம் அடியோடு நிறுத்தினால், தொழிற்சாலையையும் வண்டியையும் தொடாமலே, இந்தியாவின் வெளிக்காற்றின் வருஷ சராசரி நம் சர்க்கார் விதித்துள்ள 40 மைக்ரோகிராம் அளவுக்குள் இறங்கிவிடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் விதித்த அளவோ 5 மைக்ரோகிராமே. அது இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது.

அந்த ஸ்தாபனத்தின் மதிப்பின்படி, வீட்டுப் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் உலகத்தில் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தார்கள். அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட மூச்சிரைப்பு, குழந்தைகளுக்கு வரும் நிமோனியா ஜுரம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவை இப்புகையோடு சேர்த்துச் சொல்லப்படும் நோய்கள். பீடி, சுருட்டைக் கையால் தொட்டறியாத மூதாட்டி, படுத்தால் மூச்சுத் திணறுகிறதென்று திண்ணையிலேயே சாய்ந்து இரவைக் கழிப்பதை நமது ஊர்களில் காணாதார் யார்? வயோதிகத்தின் குணம் என்று அதனைத் தள்ளிவிடுகிறோம். அவருக்கு நாற்பது வருஷம் எதிரில் இருந்தது எது என்று எவரும் கேட்பதில்லை.

"நம் பெண்களுக்கு விறகுச் சோறுதான் பிடிக்கும், எரிவாயுவைக் கொடுத்தாலும் எரிக்கமாட்டார்கள்" என்று சில ஆண்கள் கூறக் கேட்டிருக்கிறோம். இது உண்மையன்று என்பதற்கு நமது மாநிலத்திலேயே சாட்சியம் உண்டு. 2018-ஆம் வருஷம் முதல் இந்தியா, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 தேசங்களில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தப்பெற்றது. இந்தியாவில் அதற்கென எடுத்துக் கொண்ட இடங்கள் நாகப்பட்டினம் ஜில்லாவும், தொடக்கத்தில் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியும் ஆகும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு வேண்டிய எரிவாயுவும் இலவசமாக வீடு தேடிக் கொடுக்கப்பட்டன. அவ்வாறு கிடைத்தபோது அந்தப் பெண்கள் விறகடுப்பை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு 24 மைக்ரோகிராமுக்கு இறங்கிற்று. விறகெரித்த மற்றப் பாதிப் பேருக்கு அது 71 ஆக இருந்தது. ருசி என்றும் பழக்கம் என்றும் சொல்வதெல்லாம், உருளை தீர்ந்து அடுத்தது வாங்கப் பணமில்லாத வீட்டில் பிறக்கும் சமாதானமே என்று இதனால் ஏற்படுகிறது.

அதே பரிசோதனையின் மற்றொரு முடிவையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2022-இல் வெளியான கணக்கின்படி, எரிவாயு பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் பிறந்தபோது சராசரி எடை 2,921 கிராம். மற்றவர்களின் குழந்தைகள் 2,898 கிராம். இந்த 23 கிராம் வித்தியாசத்தைத் திட்டமான பலனென்று கொள்ள இடமில்லை. சிசுக்களுக்கு வரும் கடுமையான நிமோனியாவும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகையால், எரிவாயு வந்த மறுவருஷமே குழந்தைகள் கொழுகொழுவென்று பிறக்குமென்று மேடையில் பேசுவது தகாது. நாற்று நட்ட மறுநாள் கதிரை எதிர்பார்ப்பதற்கு அது ஒப்பாகும். கர்ப்பம் தரித்துச் சில மாதங்களான பின், தெருவில் மற்ற வீடுகளெல்லாம் புகைந்துகொண்டிருக்கையில், ஒரு வீட்டு அடுப்பை மாத்திரம் மாற்றினால் பலன் சுருங்கிப்போவதில் வியப்பில்லையென்று நாம் கருதுகிறோம். தெரு முழுதும் ஒரே காலத்தில் மாறவேண்டும். பெண் புக்ககம் வந்து அடுப்பைத் தொடுமுன்னரே மாறியிருக்கவேண்டும்.

தெரு முழுதும் என்று சொல்லும்போதுதான் கூலிக்காரர் குடியிருப்பைப் பற்றிய பேச்சு வருகிறது. உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற ஒரு குடும்பம், தேச சராசரியாக, 2019-20-ஆம் வருஷத்தில் வாங்கியது 14.2 கிலோ உருளைகள் மூன்றே. மானியம் உயர்த்தப்பட்ட பின், 2023-24-இலும் அது நான்கை எட்டவில்லை. ஐவர் கொண்ட குடும்பம் எரிவாயுவிலேயே முழுதும் சமைத்தால் வருஷத்திற்கு எட்டு உருளைக்குக் குறையாது. மிச்சமுள்ள வேளைகளுக்கெல்லாம் விறகுதான். விலை அதிகமென்பது ஒரு காரணம்; மொத்தமாகக் கொடுக்கவேண்டியிருப்பது அதைவிடப் பெரிய காரணம். மானியம் பின்னால் பாங்குக் கணக்கில் வந்து சேருகிறது. உருளைக்கு முழுப் பணத்தையும் வாசலிலேயே எண்ணி வைக்கவேண்டும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில், அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்கும் வீட்டில் அத்தொகை ஒருங்கே எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில் பண்ணைக்காரர்கள் பலரும் தர்மமென்றெண்ணிச் செய்யும் ஒரு காரியத்தைக் குறிப்பிடுவோம். வேலிக்காலில் கழித்த முள்ளையும், தோப்பில் விழுந்த மட்டையையும், பருத்தி மாரையும் வேலைக்கு வந்த பெண்கள் எடுத்துச் செல்ல விட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் இது கூலியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. நாளெல்லாம் குனிந்து களையெடுத்தவள் மாலையில் ஒரு சுமை முள்ளைத் தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு மைல் நடந்து, வீடு சேர்ந்தபின் அதன் புகையிலேயே இரண்டு மணி நேரம் உட்காருகிறாள். இதைத் தர்மமென்று சொல்வதற்கில்லை. அந்த மட்டையையும் மாரையும் துண்டாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் மண்ணின் ஈரம் காக்கும். நிரந்தரமாக வேலைக்கு வரும் குடும்பத்திற்கு, வேலையில்லாத மாதங்களில் ஓர் உருளையின் விலையை வட்டியின்றி முன்பணமாகக் கொடுத்து, அறுப்புக் கூலியில் கழித்துக்கொள்வது பத்து ஏக்கர் உள்ளவருக்குப் பெரிய பாரமாகாது. மாட்டுக்கும் விதைக்கும் எத்தனையோ முன்பணம் கொடுத்துப் பழகியவர்களே நாம். விறகை நிறுத்திவிட்டு முன்பணத்தைக் கொடாதவர், இரண்டு தீமையையும் ஒருங்கே செய்தவராவார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனிப் பண்ணை வீட்டுக் கொல்லைக்கு வருவோம். தொழுவமுள்ளவருக்கு உருளையும் வேண்டுவதில்லை. சாண எரிவாயுக் கலம் ஒன்றே போதும். சாணத்தை எரிப்பதால் வயலுக்கு வரும் கேட்டைப் பற்றி விவசாய அறிஞர்கள் எழுதத் தொடங்கி நூறு வருஷத்திற்கு மேலாகிறது. ஆங்கில இரசாயன நிபுணர் வோல்க்கர் இத்தேசத்தைச் சுற்றிப் பார்த்து 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், விறகுப் பஞ்சமே குடியானவனைச் சாணம் எரிக்கச் செய்கிறதென்று எழுதினார். கணக்கும் எளிதே. ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ சாணமிட்டால் வருஷத்திற்கு 3,650 கிலோ. தழைச்சத்து நூற்றுக்கு 0.3 பங்கென்று குறைத்து மதித்தாலும் 11 கிலோ ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல். வரட்டியாக்கி எரித்தால் இது முழுதும் புகையோடு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல் சத்துமே அடுப்பில் மிஞ்சும். மானிய விலையில் யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கையில் இது என்ன பெரிய நஷ்டமென்று கேட்பவருண்டு. மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்கு எந்த மூட்டையிலும் வருவதில்லையென்பதே அவர்களுக்கு விடை.

கலத்தில் இட்ட சாணம் காற்றுப் புகாமல் புளித்து வாயுவைக் கொடுக்கிறது. தழைச்சத்து பெரும்பாலும் கழிவுக் குழம்பிலேயே நின்று வயலுக்குத் திரும்புகிறது. 2 கன மீட்டர் கலத்திற்குத் தினம் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். கட்டித் தீனி போட்டு வளர்க்கும் கலப்பினக் கறவைகள் மூன்று அல்லது நான்கு இருந்தாலே இச்சாணம் கிடைத்துவிடும். அதிலிருந்து மாதமொன்றுக்கு வரும் வாயு ஏறக்குறைய 26 கிலோ எரிவாயுவுக்குச் சமானம்; அதாவது ஒன்றே முக்கால் உருளைக்கு மேல். சமையல் போக வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் இது காணும். கொல்லை அடுப்புக்கு வேலையே இராது. நமது சீதோஷ்ணமும் இதற்கு அனுகூலமானது. வடக்கே குளிர் மிகுந்த பிரதேசங்களில் சாணம் கலத்தினுள் 55 நாள் தங்கவேண்டியிருக்க, நமக்கு 30 நாள் போதுமென்று வகுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்லதாயின், கட்டிய கலங்கள் பல ஏன் பாழாய்க் கிடக்கின்றன என்ற கேள்வி நியாயமானதே. 1960-களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் இதைப் பரப்பத் தொடங்கிற்று. 1981-82 முதல் தேசியத் திட்டமாகவே மானியம் கொடுத்துக் கட்டினார்கள். எண்ணிக்கை காட்டுவதற்காக, மாடு போதாத வீட்டிலும் பெருங்கலமாகக் கட்டியது ஒரு பிழை. இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்தபின் பழுது பார்ப்பாரில்லாதது மற்றொன்று. டிராக்டர் வந்து உழவு மாடுகள் விற்றுப்போனபோது கலமும் பட்டினி கிடந்தது. 1984-இல் வந்த தீனபந்து மாதிரி, செங்கல்லாலேயே பூமிக்கடியில் கூண்டாகக் கட்டுவதாகையால் துருவுக்கு இடமில்லை. தினமும் அரை மணி நேரம் சாணம் கரைத்து ஊற்ற ஆள் வேண்டுமென்பதை மாத்திரம் எந்த மாதிரியும் மாற்றவில்லை. அவ்வேலையும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுமானால், அவர்களுக்குக் கலத்தில் பற்று உண்டாகாது. தொழுவம் கூட்டும் ஆளிடமே அதை ஒப்படைத்துவிடவேண்டும். பழைய கலம் உள்ளவர்கள், மாடு கணக்குக்குப் போதுமாயிருந்தால், புதிதாகக் கட்டுமுன் அதைச் செப்பனிட முடியுமா என்று பார்ப்பதே சிக்கனம்.

1983-ஆம் வருஷத்தை ஒட்டிப் பரப்பப்பெற்ற புகைபோக்கி அடுப்புகளைச் சிலர் இன்னும் சிபாரிசு செய்கிறார்கள். அவை புகையைச் சமையலறையிலிருந்து கூரைக்கு மேல் அனுப்பினவேயன்றி ஊரைவிட்டு அனுப்பவில்லை; மண் வெடித்தபின் அதுவும் இல்லை. அவற்றில் எமக்கு நம்பிக்கை குறைவு.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் எங்கும் வந்துவிட்டது. ஆயினும் கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வந்து வயலோரத்தில் குடிசை போட்டுத் தங்கும் குடும்பங்களிடம், திறந்த திரியில் எரியும் மண்ணெண்ணெய்ச் சிம்னியை இன்றும் காணலாம். அத்தகைய விளக்கில் எரியும் எண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு சுத்தக் கரித்துகளாக மாறுகிறதென்று 2012-இல் கண்டறிந்து வெளியிட்டிருக்கிறார்கள். வெட்டுக் கூலி பேசும்போதே, மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கு இரண்டு கொடுப்பதென்று வயலுக்குடையவர் ஒப்புக்கொண்டால் இது ஒரு நாளில் தீரும். பம்பு செட்டுக்கு வரும் இலவச மின்சாரத்திலிருந்து குடிசைக்குக் கம்பி இழுப்பது சட்ட விரோதம், உயிருக்கும் ஆபத்து.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. இணைப்புப் பெற்ற வீடுகளை எண்ணி, ஊரைப் புகையற்ற கிராமமென்று எழுதி மேலே அனுப்புவது எளிது. எண்ணவேண்டியது உருளை மாறிய தடவைகளை. மூன்று மாதமாக உருளை வாங்காத வீடு எது, ஏன் வாங்கவில்லை என்று ஊராட்சி மன்றம் ஒரு ஜாபிதா வைத்துக்கொண்டால், எந்த வீட்டில் விதவையொருத்தி தனியே இருக்கிறாள், எவருடைய மானியம் கணக்குத் தவறி நின்றுவிட்டது, எந்தத் தெருவுக்கு உருளை வண்டி வருவதில்லை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இதற்குத் தனிச் சட்டமோ தனிப் பணமோ வேண்டுவதில்லை. நெல் அவிக்கும் ஊர்களில், குடியிருப்புக்கு அப்பால், காற்று ஊரை நோக்கி வீசாத பக்கத்தில் பொதுக் களமொன்றை அதற்கென ஒதுக்கிக் கொடுப்பதும் மன்றத்தின் கையில் இருக்கிறது.

கலம் கட்ட எண்ணுபவர்கள் தை அறுவடைப் பணம் கையிலிருக்கும்போதே தொடங்குவது நலம். மாசி, பங்குனி மாதங்களில் நிலத்தடி நீர் இறங்கியிருப்பதால் குழி தோண்டுவது எளிது. ஐப்பசி மழைக்கு முன் பூச்சு நன்றாய் இறுகிவிடும். தொழுவத்துக்கும் சமையலறைக்கும் அருகே, நாளெல்லாம் வெயில் படும் மேட்டுப் பாங்கான இடமாக, குடிநீர்க் கிணற்றுக்கு 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் அமைக்கவேண்டும். முதல் முறை நிரப்புவதற்குப் பெருந்தொகைச் சாணம் வேண்டுமாகையால், கொத்தனார் வேலை நடக்கும் நாள்களிலேயே அதை உலரவிடாமல் நிழலில் குவித்து வரவேண்டும். மானியம் கிடைக்குமா என்பதை வட்டார விவசாய அலுவலகத்தில் குழி தோண்டுமுன் விசாரித்துக்கொள்க.